கால்டர்மியர் பிரபுவின் வலது கை

கால்டர்மியர் பிரபுவை யார் வரைந்தாலும், யார் போட்டோ பிடித்தாலும், களிமண்ணில் பொம்மை செய்து சூளையில் சுட்டாலும்கூட, அவருடைய வலது கைக்குள் எங்கள் ஊர் கெசையா பூத்ராய்டின் கை இருந்தது. கை இருந்தால் ஆள் இல்லாமலா? கெசையாவும் இருந்தாள், கறுப்புச் சால்வையும் மரக்கட்டை அடி வைத்த செருப்புமாக, முகத்தை அவர் பக்கம் திருப்பாமல். அவர் லண்டனில் மந்திரியாக உட்கார்ந்து படத்துக்கு முகம் கொடுத்த நேரத்தில், அவள் இங்கே ஸ்கெல்பெக்கில், சேப்பல் சந்து முனையில், ஓட்ஸ் ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அதை வாங்கித் தின்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம், சாட்சிக்குக் குறைவில்லை. வெளியூர்க்காரர்கள்தான் வாயைப் பிளந்தார்கள். எங்களுக்கு அது நிலக்கரி விலை ஏறுவதும் இறங்குவதும் போல ஒரு சேதி.

பிரபுவின் தாயார் பெயரை வைத்த லேடி ஆகஸ்டா சுரங்கம் ஒரு மார்கழி முற்பகலில் வெடித்தது. மேல் அடுக்கில் இருந்தவர்கள் இருமிக்கொண்டே வெளியே வந்தார்கள். கீழ் அடுக்கில் இருந்தவர்கள் வரவில்லை. கெசையாவின் புருஷன் ஏனாக்கும், அந்த வருஷம்தான் முதன்முதலாக அப்பனோடு வேலைக்கு இறங்கிய மகன் ரூபனும் கீழ் அடுக்கு. ஊர்ப் பெண்கள் எல்லாரும் குழி மேட்டில் போய் நின்றார்கள். பனி விழுந்துகொண்டிருந்தது. குழிக்குள் இறங்கிய குழாய்களில் காதை வைத்தவர்கள் ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். பிரபுவின் சொத்துக்களையெல்லாம் மேற்பார்த்த டார்டாஃப் அங்கே குடைபிடித்து நின்றுகொண்டிருந்தார். கெசையா அவரிடம் போனாள்.

"தட்டுறாங்கய்யா. காது குடுத்துக் கேளுங்க. நிறுத்தி நிறுத்தித் தட்டுறாங்க."

"உள்ள தூண் முறியுதும்மா. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையப் பாரு."

"என் பிள்ளை கீழதான் இருக்கான்," என்றாள் கெசையா.

பிரபு தனி ரயிலில் புறப்பட்டு வந்துகொண்டிருப்பதாக எல்லாருக்கும் சொல்லியிருந்தார்கள். அவர் வந்தார், பாதி வழி வரைக்கும். சந்திப்பு ஸ்டேஷனில் டார்டாஃபின் தந்தி அவர் கைக்குப் போனது. நிலக்கரிப் படிவத்தில் தீப்பிடித்திருக்கிறது, குழி வாயை மூடிக் காற்றை அடைத்தால்தான் அணையும், இல்லாவிட்டால் பக்கத்துச் சுரங்கமும் போகும் என்று தந்தி சொன்னது. மூடு என்று பதில் தந்தி கொடுத்துவிட்டு, லண்டனில் ஒரு விருந்துக்கு நேரமாகிவிட்டபடியால் அங்கிருந்தே திரும்பினார். அவரைக் கொடியவர் என்று எழுத மாட்டேன். இன்ஜினியர்கள் சொன்னது பொய்யும் இல்லை. உள்ளே உயிரோடு யாராவது இருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்க அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கு அது போதும். பலகையும் களிமண்ணும் போட்டுக் குழியின் வாயை மூடினார்கள். சத்தம் நின்றது.

இந்த இடத்தில் அந்தக் காலத்துப் படப் பத்திரிகைகளின் வேலைமுறையைச் சொல்லிவிட வேண்டும். போட்டோவை அப்படியே பத்திரிகையில் அச்சடிக்க அப்போது வழி இல்லை. சித்திரக்காரர் நேரில் போய் வரைவார். அதை மரக்கட்டையில் ஏற்றி, கட்டையைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டு செதுக்கி, பிறகு திருகாணி போட்டு முடுக்கி ஒன்றாக்குவார்கள். பிரபுவின் மீசையைச் செதுக்கியவனுக்கு அவர் காலில் என்ன செருப்பு என்று தெரியாது. இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். வெளியீடோ சனிக்கிழமை தவறக் கூடாது. அதனால் திறப்புவிழா, கல்யாணம், ஊர்வலம் எதுவானாலும் நடப்பதற்கு முன்பே வரைந்து அனுப்பிவிடுவது வழக்கம். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. ரொட்டிக்கு முதல் நாளே மாவு பிசைந்து வைப்பதைப் பொய் என்பார்களா?

லண்டனிலிருந்து வந்த சித்திரக்காரரும் அதைத்தான் செய்தார். பிரபு வரப்போகிறார், வந்தால் விதவைகளைத் தேற்றுவார், தேற்றினால் கையைப் பிடிப்பார். குழி மேட்டில் எதிரே நின்ற பெண்ணைப் பார்த்து வரைந்தார். நல்ல கைத்திறன்; சால்வையின் கிழிசல்கூடத் தப்பவில்லை. அவள் வலது கையை மட்டும், அங்கே இல்லாத பிரபுவின் கையில் கொண்டுபோய் வைத்தார். அஞ்சலில் அனுப்பினார். சனிக்கிழமை படம் வந்தது. பிரபு தொப்பியைக் கழற்றிப் பனியில் நிற்கிறார், விதவையின் கை அவர் இரண்டு கைகளுக்குள் இருக்கிறது. இங்கிலாந்து முழுக்க அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினார்கள். விதவைகளின் நண்பர் என்று அவருக்குப் பெயர் வந்தது. ஒரே வருஷத்தில் மந்திரியானார். அதிலும் சுரங்கங்களைக் கவனிக்கிற மந்திரி. சிரிக்க நினைப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

கெசையா அந்தப் படத்தை மளிகைக்கடை ஜன்னலில் பார்த்தாள். உள்ளே போனாள்.

"இந்தக் கை என்னோடது. யாரைக் கேட்டு அந்தாளு கையில வச்சாங்க?"

"படம்தானே கெசையா, விடு," என்றார் கடைக்காரர்.

"நீ விடு. நான் விடமாட்டேன்."

அன்று தொடங்கி அவளுடைய வலது கை எப்போதும் கதகதப்பாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி உறைந்துபோகிற தை மாதத்திலும், யாரோ இரண்டு கையால் பொத்தி வைத்திருப்பதுபோல வெதுவெதுவென்று இருந்தது. ஆட்டுக்குட்டித் தோல் கையுறையின் வாசனையும் லேசாக அடித்தது. எவ்வளவு தேய்த்துக் கழுவியும் போகவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். அப்படியொரு கையால் பிசைந்தால் மாவு என்னமாய்ப் பொங்கும் என்றார்கள். கெசையா அந்தக் கையை மாவில் வைக்கவே இல்லை. இடது கையால் பிசையக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். குழியைத் திறக்க வேண்டும், ஏனாக்கையும் ரூபனையும் வெளியே எடுத்து மண்ணில் ஒழுங்காகப் புதைக்க வேண்டும். வருஷா வருஷம் சுரங்கம் வெடித்த அதே நாளில் கால்டர்மியர் மாளிகை வாசலுக்குப் போய்க் கேட்டாள். முன்வாசலுக்குத்தான் போவாள், பின்கட்டுக்கு அல்ல. கும்பிடு போடவும் மாட்டாள்.

மந்திரியானதும் பிரபு முதல் வேலையாகப் போட்டோ எடுக்க வந்தார். எங்கள் ஊர் பிளெங்கின்தான் எடுத்தவர், வெள்ளி மருந்து பட்டு நிரந்தரமாகக் கறுத்துப்போன விரல்களுள்ள மனுஷர். பிரபுவை நிறுத்தி, பிடரிக்குப் பின்னால் இரும்புக் கவ்வியை வைத்து ஆடாமல் பிடித்து, படப்பெட்டியின் மூடியைத் திறந்து, மூடினார். கண்ணாடித் தகட்டைக் கழுவினால் பிரபுவோடு கெசையாவும் இருந்தாள். பழைய தகட்டைச் சரியாகத் துடைக்கவில்லை என்று பிளெங்கின் தன்னைத்தானே திட்டிக்கொண்டு புதுத் தகட்டில் எடுத்தார். அதிலும் இருந்தாள். கத்தியால் சுரண்டினார். சுரண்டிய தூள் மேஜையில் கிடந்தது, அவள் தகட்டில் நின்றாள். பிரபு படத்தை வாங்கிப் பார்த்து, இருக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவர் கணக்கு அவருக்கு. சின்ன அட்டைப் படங்களாகப் போட்டு ஜன்னல் ஜன்னலாக விற்றார்கள், களிமண் பாத்திரக்காரர்கள் அடுப்புமாடத்தில் வைக்கப் பொம்மையாகச் செய்தார்கள், ஊர்க் கூடங்களில் விளக்கு வைத்துத் திரையில் படம் காட்டினார்கள். எல்லாவற்றிலும் இருவரும் இருந்தார்கள். அந்த விதவையின் நன்றியைப் பாருங்கள், இன்னும் அவர் கையை விடவில்லை என்று பாதிரியார்கள் பிரசங்கம் செய்தார்கள்.

சரியாகப் பார்த்தவர்களுக்குத்தான் அவள் இழுக்கிறாள் என்பது தெரிந்தது. முதல் படங்களில் அவளுடைய முழங்கை மடங்கியிருந்தது. பிறகு நிமிர்ந்தது. பிறகு கயிறு மாதிரி விறைத்தது. பிரபுவின் தோள் ஒரு பக்கம் சரிய ஆரம்பித்தது. தையற்காரர் வலது சட்டைக் கையை ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் நீளமாக வெட்டினார். கேலிப்படம் போடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். பிரபு சாய்ந்த கோபுரமானார், சாய்ந்த கப்பலானார், காற்றில் சாய்ந்த குடையானார். பிளெங்கினின் இரும்புக் கவ்வி இரண்டு முறை முறிந்தது. பிரபுக்கள் சபையில் சுரங்கச் சட்டத்தைப் பற்றி அவர் பேசிய நாளில், பேசி முடிப்பதற்குள் சபையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வந்துவிட்டார் என்று பத்திரிகை எழுதியது. ஸ்கெல்பெக்கில் அந்தச் செய்தியைச் சத்தம்போட்டு வாசித்தோம், கெசையாவுக்கும் கேட்கட்டும் என்று. அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் வரட்டும் என்றாள்.

டார்டாஃப் அவளிடம் வந்தார். தர்மவிடுதியில் ஒரு வீடு, குளிருக்குக் கரி, ஆயுசுக்கும் உதவித்தொகை, எல்லாம் தருவதாகச் சொன்னார். பதிலுக்கு அவள் செய்ய வேண்டியது, கையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

"எடுக்கத்தான டார்டாஃப் ஐயா இத்தனை வருஷமா இழுத்துக்கிட்டிருக்கேன். புடிச்சிருக்கிறது யாரு? அவரைப் போய் விடச் சொல்லுங்க."

டார்டாஃப் வீட்டைக் காலி செய்யச் சொல்லி மிரட்டினார். தாராளமாகக் காலி செய்கிறேன், எந்த வீட்டுக்குப் போனாலும் கையும் என்னோடுதான் வரும் என்று அவள் சொன்னாள். டார்டாஃப் போகும்போது ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டார் என்று சொல்வார்கள்.

பிரதம மந்திரி நாற்காலி காலியாகப் போகிறது, அது கால்டர்மியருக்குத்தான் என்று பேச்சு அடிபட்ட வருஷம், மந்திரிசபை மொத்தமும் தோட்டத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டது. படத்தில் எல்லாரும் இருந்தார்கள். பிரபு நின்ற இடத்தில் அவருடைய ஒரு பூட்ஸும் கோட்டு வாலும் இருந்தன. மீதியை அவள் சட்டத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போயிருந்தாள். முகம் இல்லாதவரை நாட்டுக்கு எப்படிக் காட்டுவது என்று கட்சிக்காரர்கள் கவலைப்பட்டார்கள். அப்போதுதான் பிரபு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சேப்பல் சந்துக்குள் வந்தார். வண்டி நுழையாத சந்து, நடந்துதான் வந்தார். வாசற்படியில் தலையைக் குனிந்து நுழைந்தார். வீட்டில் ஒரே ஒரு நாற்காலி, ஏனாக்குடையது. அவர் அதைப் பார்ப்பதைப் பார்த்த கெசையா, ஓட்ஸ் மாவு மூட்டையைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். பிரபு நின்றுகொண்டே பேசினார். நேரில் பார்க்கும்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தார். வாசலில் பாதித் தெரு கூடிவிட்டது.

"உனக்கு என்னம்மா வேணும்?"

"குழியைத் திறங்க."

அவர் பொறுமையாக விளக்கினார். உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும், காற்று பட்டால் தீ மறுபடி எழும்பும், செத்தவர்கள் எங்கே கிடந்தால் என்ன, எல்லாம் கடவுளின் மண்தானே என்றார். கெசையா இடது கையால் ரொட்டியைக் கல்லில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்காதது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் அடக்கி வைத்தது வாய்விட்டு வந்தது.

"நான் உன் கையைப் புடிக்கவே இல்ல. அன்னைக்கு நான் இந்த ஊருக்கே வரலை. தெரியுமா?"

கல்லில் ரொட்டி சுருசுருத்தது. வாசலில் நின்ற கிழவர் ஜோனாஸ், மேல் அடுக்கிலிருந்து இருமிக்கொண்டே வெளியே வந்தவர்களில் ஒருவர், கழுத்தை நீட்டினார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கய்யா. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலையாம்."

கெசையா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அவளுக்கு அப்போதுதான் மனது கொஞ்சம் லேசானது என்று பிற்பாடு எங்களிடம் சொன்னாள்.

"அதைத்தான் நானும் சொல்றேன். இங்க சொன்னாப் போதாது. குழி மேட்டுல நின்னு சொல்லுங்க. சொல்லிட்டுத் திறங்க."

பிரபு தொப்பியை வைத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் ரோஷம் உண்டு. அந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் அடுத்த மாதம் வெளிநாட்டுத் தூதர்களோடு ஒப்பந்தம் கையெழுத்தானபோது எடுத்த படத்தில் அவர் அறவே இல்லை. பட்டுத்துணி விரித்த மேஜைக்கருகில் தூதர்களுக்கு நடுவே கெசையா பூத்ராய்ட் சால்வையோடு தனியாக நின்றாள். ஓரத்தில் ஒரு வெள்ளைக் கையுறையின் நுனி தெரிந்தது. ஐரோப்பா முழுக்கச் சிரித்தது. ரோஷத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது. சித்திரை மாதம் ஒரு முற்பகலில் பிரபு தனி ரயிலில் புறப்பட்டார், இந்தத் தடவை சந்திப்பில் திரும்பாமல் முழுத் தூரமும் வந்தார். குழி மேட்டில் ஏறி நின்று, தொப்பியைக் கழற்றி, அன்று தான் வரவில்லை என்றும், மூடச் சொன்னது தான்தான் என்றும், படத்தில் இருப்பது நடக்கவே இல்லை என்றும் சொன்னார். குரல் எழும்பவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. யாரும் கை தட்டவில்லை. அன்றைக்கே கட்சி அவரைக் கைகழுவிற்று. பிரதம மந்திரியானவர் வேறு யாரோ, பெயர் எனக்கு மறந்துவிட்டது.

குழியைத் திறந்தார்கள். கோடை முழுக்கத் தண்ணீர் இறைத்தார்கள். தீ அணைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வெடித்த இடத்தில்தான் எல்லாரும் கிடப்பார்கள் என்று நினைத்து இறங்கியவர்கள், இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டார்கள். அத்தனை பேரும் குழியின் அடியில், மூடிய வாய்க்கு நேர் கீழே, சுவரில் சாய்ந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடந்து அதுவரைக்கும் வந்திருந்தார்கள். ஏனாக் தன் கோட்டை மகனுக்குப் போர்த்தியிருந்தான். ரூபன் கையில் ஒரு இரும்புத் துண்டு இருந்தது. அதன் ஒரு முனை தட்டித் தட்டி நசுங்கிப்போயிருந்தது. இதை எழுதும்போது என் நெஞ்சு எரிகிறது, அது அப்படியே எரியட்டும். கெசையாவிடம் அந்தத் துண்டைக் கொடுத்தார்கள். வாங்கிப் பார்த்தாள். தூண் முறியுதாம், என்று மட்டும் சொன்னாள்.

அடக்கத்துக்குப் பிரபு வந்தார், வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. படப் பத்திரிகைக்காரர்களும் வந்தார்கள். பழைய வழக்கப்படி அவர்கள் முன்கூட்டியே கட்டையைச் செதுக்கி முடித்திருந்தார்கள்: கல்லறை ஓரத்தில் பிரபுவும் விதவையும் கைகுலுக்குகிறார்கள், ஊர் கண் கலங்குகிறது. பிளெங்கின் தன் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி மூடியைத் திறந்தார். அதற்காகவே காத்திருந்ததுபோல பிரபு ஓரடி முன்னால் வந்து வலது கையை நீட்டினார். கையுறை போடவில்லை. மனதார நீட்டினார் என்றே நான் நம்புகிறேன். கெசையா அந்தக் கையைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீட்டியிருக்கணும்," என்றாள். "என் கை எனக்கு வேணும்."

இரண்டு கைகளையும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். பெட்டி திறந்திருந்தது. படத்துக்கு ஆடாமல் நிற்பது பிரபுவுக்கு ஊறிப்போன பழக்கம், அதனால் பிளெங்கின் மூடியைப் போடும் வரைக்கும் நீட்டிய கை நீட்டியபடி ஊர் முன்னால் நின்றார். அந்த நேரத்தில் கெசையாவின் வலது கை சில்லிட்டது. அன்று வீசிய வாடைக்காற்றுக்குச் சந்தோஷப்பட்டவள் ஸ்கெல்பெக்கிலேயே அவள் ஒருத்திதான். வீட்டுக்குப் போனதும் அந்தக் கையை மாவில் வைத்துப் பிசைந்தாள்.

கல்லறை ஓரத்தில் கையை இழுத்துக்கொண்ட அதே நேரத்தில் எல்லாப் படங்களிலிருந்தும் அவள் வெளியேறினாள். மளிகைக்கடை ஜன்னலில், அடுப்புமாடத்துப் பொம்மைகளில், மாளிகையின் தங்கச் சட்டங்களில், எங்கும் அவள் நின்ற இடத்தில் வெறும் சுவரும் திரைச்சீலையும் இருந்தன. பிரபு நிமிர்ந்து நின்றார், முகமும் திரும்பக் கிடைத்திருந்தது. வலது கை மட்டும் நீட்டியபடி இருந்தது, விரல்கள் பாதி மடங்கி, உள்ளே ஒன்றுமில்லாமல். சனிக்கிழமை வந்த பத்திரிகையிலும் அப்படியே. கட்டையை முடுக்கியவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். அதன்பிறகு அவர் சாகும்வரை எடுத்த எந்தப் படத்திலும் அந்தக் கை மடங்கவில்லை, பையில் விட்டுக்கொண்டு நின்றாலும் படத்தில் நீண்டிருந்தது.

அவர் போன பிறகு வாரிசுகள் சந்தைத் திடலில் வெண்கலச் சிலை வைத்தார்கள். சிற்பி புத்திசாலி, வம்பு வேண்டாம் என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டித்தான் வார்த்திருந்தார். திரையை விலக்கியபோது வலது கை முன்னால் நீண்டிருந்தது. ஊதிக்கொண்டிருந்த பேண்டு வாத்தியக்காரர்கள் நிறுத்தக்கூட இல்லை. முன்வரிசையில் நின்ற கெசையா, அப்போது நன்றாகக் கிழவியாகிவிட்டாள், இடுப்பிலிருந்த ரொட்டிக் கூடை கனத்ததால் எட்டி அதை அந்தக் கையில் மாட்டினாள். ஆட்டிப் பார்த்தாள். உறுதியாக இருந்தது.

"இப்பத்தான் இது ஒரு வேலைக்கு ஆச்சு," என்றாள்.

சந்தை நாட்களில் அதில் இடம் பிடிக்கக் காலையிலேயே போக வேண்டும். மணிக்கட்டில் இரண்டு கூடை தாங்கும், மழை வந்தால் விரல்களில் குடைகளையும் மாட்டலாம்.